வெப்சைட்டில் பல கைகள்: கூகுளில் பிடித்த இடம் பறிபோகாமல் இருக்க

"என்ன மாப்ள, நம்ம வெப்சைட்டுக்கு ஏதாச்சும் ஆயிருச்சா? பத்து நாளா வெளியூர்ப் போனே வரல."

ஆதனக்கோட்டையில் முந்திரி வியாபாரம் செய்யும் என் தாய்மாமா இப்படிக் கேட்டது 2022 செப்டம்பர் கடைசியில். தீபாவளிக்கு நான்கு வாரம்கூட இல்லை. புதுக்கோட்டை - தஞ்சாவூர் சாலையில் பஸ்ஸில் போனவர்களுக்கு ஆதனக்கோட்டையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வறுபடும் முந்திரியின் புகை வாசனையே ஊர் வந்துவிட்டதைச் சொல்லிவிடும். 2018 நவம்பரில் அடித்த கஜா புயலில் மாமாவின் தோப்பில் பாதி மரம் சாய்ந்துவிட்டது. அதன்பின் பருப்பை வெளியில் வாங்கி, வறுத்து, சென்னை, பெங்களூரு என்று கூரியரில் அனுப்ப ஆரம்பித்தார். அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த நான் 2019ல் அவருக்கு ஒரு சின்ன வெப்சைட் போட்டுக் கொடுத்தேன். இரண்டு வருடத்தில், ஊர்ப் பெயரோடு முந்திரி என்று தேடினால் கூகுளின் முதல் பக்கத்தில் மாமா கடை வரும் நிலைக்கு வந்தது. தீபாவளி ஆர்டரில் பெரும்பகுதி அந்த வழியாக வந்ததுதான்.

அன்று தேடிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. ஐந்தாவது பக்கம்வரை போனேன். கடை இருந்த சுவடே இல்லை. ஆனால் முகவரியை நேராகத் தட்டினால் வெப்சைட் அழகாகத் திறக்கிறது!

வைரஸ் இல்லை, ஹேக்கர் இல்லை. தளத்தில் கை வைத்த மூன்று பேரும் நல்லெண்ணத்தோடுதான் வைத்தார்கள். கடைக்கோ, கோயில் திருப்பணிக் குழுவுக்கோ, பழைய மாணவர் சங்கத்துக்கோ வெப்சைட் தொடங்க நினைக்கும் வாசகர்களுக்கு இந்த அனுபவம் பயன்படும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

கூகுள் உங்கள் பக்கத்தை எப்படி நினைவில் வைக்கிறது?

புதுக்கோட்டையில் ஞானாலயா என்ற தனியார் ஆய்வு நூலகம் இருக்கிறது. கிருஷ்ணமூர்த்தி - டோரதி தம்பதியர் சேர்த்து உருவாக்கிய அந்த நூலகத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் உள்ளன. அவ்வளவு பெரிய நூலகத்தில் ஒரு புத்தகத்தை எடுத்து, பதிவேட்டில் குறிக்காமல் வேறு அலமாரியில் வைத்துவிட்டால் என்ன ஆகும்? புத்தகம் பத்திரமாக உள்ளேதான் இருக்கும். ஆனால் கேட்டு வருபவருக்குக் கிடைக்காது.

கூகுள் போன்ற தேடுபொறிகள் வைத்திருப்பதும் அப்படி ஒரு பதிவேடுதான். கிராலர் எனப்படும் புரோகிராம் இணையம் முழுக்க லிங்க் பிடித்துக்கொண்டே போய், பக்கங்களைப் படித்து, இன்ன முகவரியில் இன்ன விஷயம் இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறது. மற்ற தளங்கள் உங்கள் பக்கத்துக்கு லிங்க் கொடுத்தால் அதுவும் கணக்கில் சேரும். இந்தச் சம்பாத்தியம் எல்லாம் அந்த முகவரியின் பெயரில்தான் எழுதப்படுகிறது. சர்ச் இன்ஜின் ஆப்டிமைசேஷன், சுருக்கமாக எஸ்இஓ என்று பெரிய பெயரில் சொல்லப்படும் வேலையில் முக்கால்வாசி, பக்கத்தில் நல்ல விஷயத்தை எழுதி, தெளிவான தலைப்பும் நிலையான முகவரியும் கொடுத்து, கிராலர் தடையின்றி வந்துபோக வழி விடுவதுதான். மீதிக் கால்வாசியைப் பற்றிப் பேசித்தான் நிறையப் பேர் பணம் வாங்குகிறார்கள்!

இந்த வேலையைச் செய்ய மாதங்கள் ஆகும். கலைக்க ஒரு கிளிக் போதும்.

"பரு" வந்த கதை

மாமாவின் தளம் வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்குகிறது. முந்திரிக்கான பக்கத்துக்கு நான் ஊர்ப் பெயரும் முந்திரியும் வரும்படி ஆங்கில எழுத்தில் குட்டி முகவரி கொடுத்திருந்தேன். கல்லூரியில் படிக்கும் மாமா மகனுக்கு அது பிடிக்கவில்லை. தமிழ்க் கடைக்குத் தமிழில் முகவரி வேண்டாமா என்பது அவன் கேள்வி. கேள்வியில் தப்பில்லை. பக்கத்தைத் திறந்து, தலைப்பில் இருந்த 'ஆதனக்கோட்டை முந்திரி பருப்பு' என்பதையே முகவரியாகவும் வைத்து அப்டேட் பட்டனை அழுத்திவிட்டான். (தமிழாசிரியர்கள் ஒற்று எங்கே என்று கேட்க வேண்டாம். அவன் போடவில்லை; போடாதது எப்படி வினையாயிற்று என்று இதோ சொல்கிறேன்.)

முகவரி என்ன ஆனது தெரியுமா? 'ஆதனக்கோட்டை-முந்திரி-பரு'.

காரணம் இதுதான். இணைய முகவரிக்குள் தமிழ் எழுத்து அப்படியே பயணம் செய்வதில்லை. யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீடு யுடிஎஃப்-8 முறையில் 3 பைட் பிடிக்கும். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக மாறும். ஆக ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 9 இடம். இதில் புள்ளியும் கால், கொம்புகளும் தனித்தனிக் குறியீடுகள். 'ஆதனக்கோட்டை' என்பதில் 11 குறியீடுகள், எனவே 99 இடம். வேர்ட்பிரஸ் இந்தப் பகுதிக்கு ஒதுக்குவது மொத்தமே 200 இடம். இடைக்கோடுகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 'பரு' என்ற இடத்தில் சரியாக 200 முடிகிறது. மிச்சம் வெட்டப்பட்டுவிட்டது. ஒற்றுப் போட்டிருந்தால் 'முந்திரிப்-ப' என்று நின்றிருக்கும். அது அர்த்தமில்லாமல் இருந்திருக்குமே தவிர, மருந்துக்கடை சமாச்சாரம் ஆகியிருக்காது!

இன்னொரு தொல்லையும் உண்டு. இப்படிப்பட்ட முகவரியை பிரவுசரிலிருந்து காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பல நேரம் சதவீதக் குறிகளின் நீண்ட ஊர்வலமாக விழும். வாங்குபவர்கள் வைரஸ் என்று பயந்து தொடுவதில்லை. தமிழில் தலைப்பு, தமிழில் விஷயம், ஆங்கில எழுத்தில் சிறிய முகவரி என்பதே இப்போதைக்கு நான் சிபாரிசு செய்யும் வழி. மனசுக்கு ஒப்பவில்லை என்றால் இரண்டு சொல்லுக்குள் தமிழில் வையுங்கள், தாராளமாக இடம் இருக்கும்.

சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும். பெரிய நஷ்டம் வெட்டுப்பட்ட முகவரியால் வரவில்லை. பழைய முகவரி இறந்துபோனதால் வந்தது. கூகுளின் பதிவேட்டில் இருந்தது பழைய முகவரி. வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பியிருந்ததும் அதுவே. அதைத் திறந்தால் இப்போது "பக்கம் இல்லை" என்ற 404 பிழைச் செய்தி.

வேர்ட்பிரஸ் இதைத் தானாகச் சமாளிக்காதா என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். 'போஸ்ட்' என்ற வகையில் எழுதியவற்றின் முகவரியை மாற்றினால், பழைய முகவரிக்கு வருபவரை அது புதிய முகவரிக்கு அனுப்பிவிடும். 'பேஜ்' என்ற வகைக்கு அந்த வசதி கிடையாது. மாமாவின் முந்திரிப் பக்கம் 'பேஜ்'. இன்னொன்று: வேர்ட்பிரஸில் ஒவ்வொரு திருத்தமும் 'ரிவிஷன்' என்று சேமிக்கப்படுகிறது. யாராவது தப்பாகத் திருத்தினால் முந்தைய வடிவத்துக்குப் போகலாம். ஆனால் அதில் சேமிக்கப்படுவது தலைப்பு, உள்ளடக்கம், சுருக்கம் ஆகியவைதான். முகவரி சேமிக்கப்படுவதில்லை. ரிவிஷனை நம்பி நானும் பின்னால் போய்ப் பார்த்தேன். வாசகம் எல்லாம் திரும்பி வந்தது, 'பரு' மட்டும் அப்படியே இருந்தது.

ஒரு டிக், ஒரு படம்

இரண்டாவது கை, தளத்துக்குப் புதுத் தோற்றம் கொடுக்க மாமா அமர்த்திய வடிவமைப்பாளருடையது. வேலை முடியும்வரை அரைகுறைத் தளம் கூகுளில் வரக்கூடாது என்று, செட்டிங்ஸ் பகுதியில் 'ரீடிங்' என்ற பிரிவுக்குப் போய், தேடுபொறிகளை வரவேண்டாம் என்று சொல்லும் கட்டத்தில் டிக் செய்திருக்கிறார். சரியான காரியம். முடிந்தபின் டிக்கை எடுக்க மறந்துவிட்டார். அந்த டிக் இருந்தால், ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும் 'நோஇன்டெக்ஸ்' என்ற கட்டளை மறைவாகச் சேர்ந்துவிடும். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. கிராலர் மட்டும் படித்துவிட்டு, மரியாதையாகப் பதிவேட்டிலிருந்து பக்கத்தை எடுத்துவிடும். வேர்ட்பிரஸில் நுழைந்ததும் வரும் டாஷ்போர்டில் 'அட் எ கிளான்ஸ்' என்ற சிறு பெட்டியில், தேடுபொறிகள் தடுக்கப்பட்டுள்ளன என்று ஒரு வரி தெரியும். பொடி எழுத்து. யாரும் படிக்கவில்லை.

இதேபோல 'ரோபோட்ஸ் டாட் டிஎக்ஸ்டி' என்ற குட்டிக் கோப்பு ஒன்றும் உண்டு. கிராலர்களுக்கு எங்கே வரலாம், எங்கே கூடாது என்று சொல்லும் இந்த ஏற்பாடு 1994 முதல் இருக்கிறது. அதில் 'டிஸ்அலவ்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சாய்வுக்கோடு மட்டும் இருந்தால் தளம் முழுவதும் படிக்கத் தடை என்று பொருள். ஒரு சாய்வுக்கோடு!

மூன்றாவது கை, கடையில் பில் போடும் பையனுடையது. விலை அடிக்கடி மாறுகிறது என்று, பக்கத்தில் இருந்த எழுத்துகளை அழித்துவிட்டு, போனில் செய்த வண்ண விலைப்பட்டியல் படத்தை ஏற்றிவிட்டான். பார்க்க எடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் கைவறுவல், முழுப் பருப்பு, உடைத்த பருப்பு, கால் கிலோ, அரை கிலோ என்று மக்கள் தேடும் சொற்கள் எல்லாம் படத்துக்குள் அடைபட்டுவிட்டன. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி படித்துவிடும் என்று நம்பி இருக்க முடியாது. பட்டியலைப் படமாகப் போட்டாலும் அதே விவரத்தை எழுத்திலும் கீழே தரவேண்டும்.

நல்லவேளை, 'கீவேர்ட்' என்று நூறு சொல்லைப் பக்கத்தின் தலைப்பகுதியில் திணிக்கும் பழைய வைத்தியத்தை யாரும் செய்யவில்லை. மெட்டா கீவேர்ட் பகுதியைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009லேயே அறிவித்துவிட்டது. இன்றும் அதற்குக் காசு வாங்குபவர்கள் இருக்கிறார்கள், கவனம்.

ஆயிரம் பேர் திருத்தும் தளம் எப்படி நிற்கிறது?

மூன்று பேர் கை வைத்ததற்கே இந்த கதி. அப்படியென்றால், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கும் தளம் ஒருநாள்கூடத் தாங்கக்கூடாது அல்லவா? ஆனால் தாங்குகிறது. 2003ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா 2017ல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. தமிழில் எந்த ஊரைத் தேடினாலும் அதன் பக்கம் முதல் சில முடிவுகளில் வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். யாரும் அங்கே எஸ்இஓ நிபுணரை உட்கார வைக்கவில்லை. அந்த மென்பொருளின் அமைப்பே காவல் காக்கிறது.

நம் மாவட்டத்து உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். சித்தன்னவாசல் ஓவியங்களைப் பற்றித் தேடுகிறவர்கள் அதை எத்தனை விதமாக எழுதுகிறார்கள்? 'சித்தன்னவாசல்', 'சித்தண்ணவாசல்', 'சித்தன்ன வாசல்'. ஆவுடையார்கோயிலில் 'கோயில்' சரியா, 'கோவில்' சரியா? சேர்த்தா, பிரித்தா? இப்படிப்பட்ட கட்டுரையின் தலைப்பை ஒருவர் மாற்ற நினைத்தால், விக்கியில் 'நகர்த்து' என்ற கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். நகர்த்தியதும், பழைய தலைப்பில் 'வழிமாற்று' என்று ஒரு சிறு பக்கம் தானாக நின்றுவிடும். பழைய பெயரில் வருபவர் புதிய பெயரில் உள்ள கட்டுரையையே பார்ப்பார். கூடவே, இதற்கு உரிய முகவரி இதுதான் என்று தேடுபொறிக்கு ஒரு குறிப்பும் பக்கத்துக்குள் போகிறது. 'கேனானிகல்' என்ற இந்தக் குறிப்பை 2009ல் கூகுள், யாஹூ, மைக்ரோசாப்ட் மூன்றும் சேர்ந்து ஏற்றுக்கொண்டன. ஒரே விஷயம் நான்கு முகவரியில் தெரிந்தாலும் மதிப்பு ஓரிடத்தில் சேர அது வழி செய்கிறது.

கவனிக்க வேண்டியது, வழிமாற்று வைப்பது நகர்த்துகிறவரின் ஞாபகத்துக்கு விடப்படவில்லை என்பதுதான். சும்மா இருந்தாலே வந்துவிடும். அதைத் தவிர்த்து நகர்த்தும் அதிகாரம் நிர்வாகிகள் போன்ற சிலருக்கே உண்டு. பெயர் பதிந்து உள்ளே வராதவர் வாசகத்தைத் திருத்தலாம், தலைப்பை நகர்த்த முடியாது. வாசகத்தில் தப்பு நேர்ந்தால் ஒரு நிமிடத்தில் சரியாகும், முகவரியில் நேர்ந்தால் வெளியுலகம் முழுக்க உடையும் என்ற வித்தியாசம் தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு இது.

அடுத்தது வரலாறு. எந்தக் கட்டுரையிலும் மேலே உள்ள வரலாற்றுப் பகுதியைத் திறந்தால், யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, எதை மாற்றினார்கள் என்று முதல் நாளிலிருந்து பட்டியல் இருக்கும். இரண்டு வடிவங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தேவையானால் பழையதற்குத் திரும்பலாம். மாற்றும்போது ஏன் மாற்றினேன் என்று ஒரு வரி எழுத இடம் உண்டு. பெயர் பதிந்தவர்கள் தங்களுக்கு வேண்டிய கட்டுரைகளைக் கவனிப்புப் பட்டியலில் போட்டு வைக்கலாம். அதில் யார் கை வைத்தாலும் அந்தப் பட்டியலில் தெரிந்துவிடும். கருத்து வேறுபாடு இருந்தால் உரையாடல் பக்கத்தில் பேசித் தீர்க்கிறார்கள். ('கோயில்' - 'கோவில்' போன்ற வழக்குகள் அங்கே சீக்கிரம் முடிவதில்லை என்பது வேறு விஷயம்.)

விக்கியில் தன் கடை லிங்க்கைச் சொருகி எஸ்இஓ பலம் தேட நினைப்பவர்களுக்கும் ஒரு தகவல். வெளித் தளங்களுக்குப் போகும் லிங்க்குகளில் 'நோஃபாலோ' என்ற குறிப்பு சேர்க்கப்படுகிறது. இந்த லிங்க்கை எங்கள் சிபாரிசாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்வது அது. ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007 ஜனவரியில் இது வந்தது. தமிழிலும் இதே நிலைதான்.

பெயர் மாற்றத்தின் விலை எவ்வளவு என்று அரசுகளுக்கும் ஒருமுறை தெரியவந்தது. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக் கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. கோயம்புத்தூர், வேலூர் எல்லாம் அதில் இருந்தன. எழுத்துக் கூட்டல் பற்றி எழுந்த சர்ச்சையில் அதே மாதத்திலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. அது நடைமுறைக்கு வந்திருந்தால் எத்தனை இணையப் பக்கங்களில் மாற்றம் செய்ய வேண்டியிருந்திருக்கும் என்று அன்று என் போன்றவர்கள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தோம்.

ஆணையே இல்லாமல் முகவரி மாறியதும் உண்டு. மதுரை, சென்னை போன்ற மாவட்டங்களின் அரசுத் தளங்கள் முன்பு மாவட்டப் பெயருக்குப் பின் 'டிஎன் டாட் நிக் டாட் இன்' என்று இருந்தன. பின்னர் 'டிஎன்' போய் 'நிக் டாட் இன்' மட்டும் ஆயிற்று. பழைய முகவரியைச் சுட்டிய அடிக்குறிப்புகள் விக்கிக் கட்டுரைகளில் இன்னும் கிடக்கின்றன. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, முகவரிகளை மாற்றாதீர்கள் என்று 1998லேயே கட்டுரை எழுதி வைத்தார். மனிதன் கேட்டால்தானே!

நாங்கள் செய்தது

மாமா கடைக்கு வருவோம். முதலில் அந்த டிக்கை எடுத்தேன். முந்திரிப் பக்கத்துக்குப் பழைய முகவரியையே திரும்பக் கொடுத்தேன். இடையில் யாராவது 'பரு' முகவரியைப் பகிர்ந்திருந்தால் அவர்களும் வரவேண்டுமே, அதனால் அங்கிருந்து பழையதற்கு ஒரு 301 ரீடைரக்ட் வைத்தேன். 301 என்பது 'நிரந்தரமாக இடம் மாறிவிட்டது' என்று பிரவுசருக்கும் தேடுபொறிக்கும் சொல்லும் எண். இதற்கு வேர்ட்பிரஸில் 'ரீடைரக்ஷன்' என்ற இலவச பிளக்இன் இருக்கிறது. பழைய முகவரி ஒரு பெட்டியில், புதியது ஒரு பெட்டியில், அவ்வளவுதான் வேலை. இப்படி வைத்த ரீடைரக்டைக் குறைந்தது ஓர் ஆண்டாவது எடுக்காமல் வைத்திருங்கள் என்று கூகுள் சொல்கிறது. எடுக்கவே வேண்டாம் என்று நான் சொல்கிறேன். அது சோறா கேட்கிறது?

அடுத்து, கூகுள் இலவசமாகத் தரும் 'சர்ச் கன்சோல்' பகுதியைத் திறந்தேன். 2015 வரை 'வெப்மாஸ்டர் டூல்ஸ்' என்று பெயர் கொண்டிருந்தது. நம் தளம் எந்தெந்தச் சொல்லுக்குத் தேடலில் வந்தது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்று 16 மாதக் கணக்கு அதில் கிடைக்கும். முகவரியைக் கொடுத்து, மறுபடி வந்து படியுங்கள் என்று வேண்டுகோளும் வைக்கலாம். வைத்தேன்.

அப்போதுதான் என் தவறும் வெளியே வந்தது. பக்கங்கள் 'நோஇன்டெக்ஸ்' காரணமாக நீக்கப்படுகின்றன என்று சர்ச் கன்சோல் செப்டம்பர் முதல் வாரத்திலேயே மெயில் அனுப்பியிருந்தது. அது போனது நான் கல்லூரியில் படித்த காலத்து மெயில் முகவரிக்கு. அதை நான் திறந்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. மூன்று பேரைக் குறை சொல்ல வந்த நான் நாலாவது ஆளாக வரிசையில் போய் நின்றேன்.

முகப்புப் பக்கம் நான்கு நாளில் திரும்பி வந்தது. முந்திரிப் பக்கம் பழைய இடத்துக்கு வர அக்டோபர் பாதி ஆகிவிட்டது. கூரியரில் போய்ச் சேர ஒரு வாரம் வேண்டும் என்பதால் தீபாவளிக்கு வாங்குபவர்கள் அதற்குள் வேறு இடத்தில் ஆர்டர் கொடுத்து முடித்திருந்தார்கள். வாங்கி வைத்திருந்த பருப்பில் பாதியை மாமா மொத்த வியாபாரிக்குக் குறைந்த விலையில் தள்ளினார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பொட்டலம் போடும் கவர்கள் மட்டும் அடுத்த வருடம்வரை பரணில் இருந்தன.

அதன்பிறகு தளத்தில் யாருக்கு என்ன அனுமதி என்று மாற்றி அமைத்தோம். அதுவரை எல்லோரும் ஒரே பாஸ்வேர்டில், அட்மினிஸ்ட்ரேட்டராகவே நுழைந்துகொண்டிருந்தார்கள். வீட்டுச் சாவி, பீரோ சாவி, லாக்கர் சாவி எல்லாவற்றையும் ஒரே கொத்தில் போட்டு வாசலில் மாட்டியது போல! வேர்ட்பிரஸில் படிநிலைகள் இருக்கின்றன. 'கான்ட்ரிபியூட்டர்' எழுதலாம், வெளியிட முடியாது, படமும் ஏற்ற முடியாது. 'ஆத்தர்' தான் எழுதிய போஸ்ட்டை வெளியிடலாம், திருத்தலாம், மற்றவர் எழுதியதையும் 'பேஜ்' வகையையும் தொட முடியாது. 'எடிட்டர்' எல்லா எழுத்தையும் திருத்தலாம், ஆனால் செட்டிங்ஸ் பகுதிக்குள் போக முடியாது. 'அட்மினிஸ்ட்ரேட்டர்' எல்லாம் செய்யலாம்.

பில் போடும் பையனை ஆத்தர் ஆக்கினோம். விலை மாற்றத்தான் வேண்டும், அதை ஏன் முக்கியப் பக்கத்தில் வைக்க வேண்டும்? விலைப்பட்டியலை அவன் பெயரில் தனிப் போஸ்ட்டாகப் பிரித்து, முந்திரிப் பக்கத்திலிருந்து லிங்க் கொடுத்தோம். இப்போது தினம் மூன்று முறை விலையை மாற்றினாலும் முக்கியப் பக்கம் அசையாது. போஸ்ட் என்பதால் தவறி முகவரியை மாற்றிவிட்டாலும் வேர்ட்பிரஸே பார்த்துக்கொள்ளும். மாமா மகன் எடிட்டர். அட்மினிஸ்ட்ரேட்டர் நான் ஒருவன், மாமா ஒருவர். வடிவமைப்பாளர் போன்றவர்களுக்கு வேலை நடக்கும் நாட்களுக்கு மட்டும் தனிக் கணக்கு கொடுத்து, முடிந்ததும் எடுத்துவிடுகிறோம். ஆளுக்கொரு கணக்கு இருப்பதில் இன்னொரு லாபம், ரிவிஷன் பட்டியலில் யார் செய்தது என்று பெயரோடு தெரியும். சண்டைக்காக இல்லை, ஏன் செய்தாய் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தைத் திறந்தால், இன்னொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார் என்று வேர்ட்பிரஸ் எச்சரிக்கும். 'டேக் ஓவர்' பட்டனை அவசரப்பட்டு அழுத்தாமல் போன் போட்டுக் கேளுங்கள்.

இவ்வளவு சொன்னாலும் தளத்தின் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதற்கு முன்னால் மற்றதெல்லாம் சின்ன விஷயம். டொமைன் பெயரை வடிவமைத்தவரின் மெயிலில் பதிந்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து அவர் போனை எடுக்காமல், புதுப்பிக்கும் தேதி தாண்டி, பெயரே வேறொருவருக்குப் போன கதைகளை எங்கள் பக்கத்திலேயே கேட்டிருக்கிறேன். பெயர் போனால் முகவரிகள் மொத்தமும் போயிற்று, அங்கே ரீடைரக்ட் வைக்கவும் வழியில்லை. டொமைன், ஹோஸ்டிங், சர்ச் கன்சோல் மூன்றும் கடைக்காரரின் மெயிலில் இருக்கட்டும். சர்ச் கன்சோலில் மற்றவர்களை 'ஃபுல்' அல்லது 'ரெஸ்ட்ரிக்டட்' என்ற அளவில் சேர்த்துக்கொள்ளலாம்.

உங்கள் தளம் இப்போது பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைக் கொடுத்து என்டர் தட்டுங்கள். கூகுள் அறிந்துள்ள உங்கள் பக்கங்கள் வரிசையாக வரும். ஒன்றுமே வரவில்லை என்றால் முதலில் அந்த ரீடிங் பகுதி டிக்கைப் பாருங்கள்.

மாமா இதை மாதம் முதல் தேதி செய்கிறார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்குகிறது. வெப்சைட்டில் யார் எதை மாற்றினாலும் தேதி போட்டு அதில் எழுதிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். நோட்டின் முதல் வரி மாமா மகன் கையெழுத்தில் இருக்கிறது: "03.10.2022, 'பரு' நீக்கப்பட்டது."